எங்கட பொம்பிளைப் பிள்ளையளின்ர ஹொக்கியையும் பேப்பரில போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு கிழமைக்கு முதல் வாசகர் கடிதத்தில ஒரு தாய் எழுதியிருந்தா, மகள் கிரேட் 8 முடிச்சிட்டாள், இனி விளையாட்டை நிப்பாட்டிப்போட்டுப் படிப்பில விடுறதுதான் நல்லம் எண்டு. அந்தத் தாயில எனக்குக் கோவம் இல்லை, என்ர அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சவ. ஆனா அதை வாசிச்ச அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல, அதுதான் இவ்வளவு நீளமா எழுதுறன். இடம் காணாட்டி எங்கையாவது வெட்டுங்கோ, கனடாவின்ர ஹொக்கிக்காரி ஹேலி விக்கன்ஹைசரைப் பற்றி எழுதினதை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

என்ர மகளுக்குப் பதின்மூண்டு வயசு. ஏழு வயசில இருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுறாள். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு பிராக்டிஸ் எண்டா அஞ்சேகாலுக்கு நாங்கள் ரொறொன்ரோ ஸ்காபரோவில இருந்து வெளிக்கிட வேணும், வெளியில மைனஸ் 18, கார் சூடாகிறதுக்கு முதல் ரிங்குக்கு (ஐஸ் மைதானத்துக்கு) வந்திடுவம். முந்தி ஸ்கேற் லேஸ் நான்தான் கட்டிவிடுறனான். நிலத்தில குந்தியிருந்து கணுக்காலடியில நல்லா இறுக்கி இழுக்க வேணும், விரல்பக்கம் கொஞ்சம் இளக்கமா விட வேணும், இல்லாட்டிக் கால் விறைச்சுப்போகும். லேஸ் இழுத்து இழுத்து என்ர சுட்டுவிரல் மடிப்பில தோல் வெடிச்சிருக்கும், புட்டுக்கு மாக் குழைக்கேக்க உப்புத்தண்ணி பட்டு எரியும். இப்ப அவளே கட்டிறாள். முதல் மூண்டு வருசம் பெடியளின்ர ரீமிலதான் விளையாடினவள், அப்ப அவளுக்கு உடுப்பு மாத்த அறை இல்லை. ஒரு ரிங்கில மொப் வாளி வைக்கிற ஸ்டோர் றூமுக்குள்ள விட்டவை, லைற்றும் இல்லை, நான் போன் வெளிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். "நான் மட்டும் ஏனம்மா இதுக்குள்ள" எண்டு கேட்டாள். எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்ல.

நானும் ஊரில படிக்கேக்க நெற்போல் விளையாடினனான், கோல் சூட்டர். உயரமான பிள்ளை எண்டு ரீச்சர்தான் பிடிச்சு விட்டவ. சாமத்தியப்பட்டதோட சரி, பாவாடையோட கிரவுண்டில ஓடினா ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு வீட்டில நிப்பாட்டிப்போட்டினம். ரீச்சர் வீட்டை வந்து கேட்டுப் பாத்தவ, அம்மா தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிட்டவ. முப்பது வருசத்துக்கு மேலாச்சு, இண்டைக்கும் ஒரு வளையத்தைக் கண்டா கை தானா உயரும்.

இனி விக்கன்ஹைசரின்ர கதைக்கு வாறன். மகளின்ர கோச் சொல்லித்தான் எனக்கு முதல்முதல் அவவைத் தெரியும், பிறகு நானே தேடித் தேடி வாசிச்சன். 1978 ஆவணியில சாஸ்கச்சுவானில ஷோனவன் எண்ட ஒரு சின்ன ஊரில பிறந்தவ. தகப்பன் வீட்டுக்குப் பின்னால தண்ணி விட்டு ஐஸ் கட்டிக் குடுத்தவர், அதிலதான் பழகினவ. பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டு ரீம் இல்லாதபடியால் பெடியளோடதான் விளையாட்டு. 1990இல ஒட்டாவாவில பெண்களுக்கான முதலாவது உலக சம்பியன்சிப் நடக்கேக்க அவவுக்குப் பதினொரு வயசு. அந்தப் போட்டியில கனடா ரீமுக்குக் குடுத்த ஜேர்சி என்ன நிறம் தெரியுமோ, பிங்க். நாட்டின்ர சிவப்பு வெள்ளை இல்லை, பிங்கும் வெள்ளையும். பொம்பிளையளின்ர ஹொக்கியை ஆக்கள் பாக்க வரவேணும் எண்டு அப்பிடி உடுத்திவிட்டவை, அந்த உடுப்போடதான் எங்கட பிள்ளையள் பைனலில அமெரிக்காவை 5-2 எண்டு வெண்டவை.

நாலு வருசத்தில, பதினைஞ்சு வயசில, விக்கன்ஹைசரும் கனடா ரீமுக்கு வந்திட்டா. கிரேட் 10 வயசு! அண்டையில இருந்து 2017 தை மாசம் ஓய்வு எடுக்கும் வரைக்கும் 23 வருசம் அந்த ஜேர்சியைக் கழட்டேல்ல. 276 மச், 168 கோல், 211 அசிஸ்ற் (மற்றாக்கள் கோல் அடிக்க எடுத்துக் குடுத்தது). உலக சம்பியன்சிப் தங்கம் மட்டும் ஏழு. ஒலிம்பிக்கில பெண்கள் ஹொக்கியை முதல்முதல் சேத்தது 1998 நகானோவில, அங்க அமெரிக்காட்டத் தோத்து வெள்ளி, அதுக்குப் பிறகு 2002, 2006, 2010, 2014 நாலு தரமும் தங்கம். நடுவில 2000இல சிட்னி ஒலிம்பிக்குக்கு சொப்ட்போல் ரீமோட போயிருக்கிறா, அது வேற விளையாட்டு, வேற காலநிலை, ஒரே பொம்பிளை.

இவ்வளவு கெட்டிக்காரிக்குச் சம்பளம் குடுத்து விளையாட விட ஒரு பெண்கள் லீக் அப்ப உலகத்தில இல்லை. இதுதான் எனக்கு மனசுக்குள்ள நிண்டுகொண்டே இருக்கிற விசயம். 2002 ஒலிம்பிக்கில ஆகச் சிறந்த ஆட்டக்காரி எண்டு பேர் எடுத்த ஆள், அடுத்த வருசம் பின்லாந்துக்குப் போய் கிர்க்கொநும்மி எண்ட இடத்தில சலமற் எண்ட ஆம்பிளையளின்ர ரீமில சேந்தவ. அதுக்கு முதல் இத்தாலியில ஒரு ரீம் கேட்டது, பொம்பிளை ஆம்பிளையளின்ர லீக்கில விளையாடேலாது எண்டு அங்க மறிச்சுப்போட்டினம். பின்லாந்தில ஆம்பிளையள் ஐஸைச் சுத்தியிருக்கிற பலகையோட சேத்து இடிப்பினம், அந்த இடியை வாங்கிக்கொண்டு கோலும் அடிச்சவ, ஆம்பிளையளின்ர தொழில்முறை ஹொக்கியில கோல் அடிச்ச முதல் பொம்பிளை அவதான். சனம் இதைச் சாதனை எண்டு கொண்டாடுது, கொண்டாட வேணும்தான், ஆனா என்ர மகள் ஸ்டோர் றூமுக்குள்ள நிண்டது எனக்கு ஞாபகம் வரும். தன்ர தரத்துக்கு ஒரு இடம் இல்லாமல்தானே ஒரு ஆள் கடல் தாண்டிப் போறது.

2014 சோச்சி பைனலை நான் யூரியூப்பில எத்தினை தரம் பாத்திருப்பன் எண்டு எனக்கே தெரியேல்ல. முடிய மூண்டரை நிமிசம் இருக்கு, அமெரிக்கா 2-0. பிரியான் ஜென்னர் ஒண்டு அடிக்கிறா, 2-1. கனடா கோலியையும் வெளிய எடுத்திட்டினம், ஆறு பேர் முன்னுக்கு, பின்னுக்கு வெறும் வலை. அமெரிக்காக்காரி ஒருத்தி தூரத்தில இருந்து விட்ட பக் (ஹொக்கியில பந்துக்குப் பதிலா அடிக்கிற றப்பர் வட்டு) மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டு போகுது, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்க அது போஸ்ற்றில பட்டுத் திரும்புது. 55 செக்கன் இருக்கேக்க மரி-பிலிப் பூலான் சமப்படுத்திறா. ஓவர்ரைமில விக்கன்ஹைசர் பக்கோட தனிய ஓடுறா, பின்னால துரத்தி வந்த ஹிலரி நைற்றுக்குப் பெனல்ரி, அதால அமெரிக்காவுக்கு ஒராள் குறைஞ்ச அந்தப் பவர் பிளேயில பூலான் மற்றதையும் அடிக்க 3-2. அண்டைக்கு விக்கன்ஹைசருக்கு 35 வயசு, கால் எலும்பு உடைஞ்சபடிதான் அந்த ஒலிம்பிக் முழுக்க விளையாடினவ எண்டு பிறகுதான் வெளிய தெரிய வந்தது. அந்த ஓட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ, உடைஞ்ச காலோட ஓடுற ஓட்டமோ அது?

ஓய்வுக்குப் பிறகு கல்கரி யூனிவேர்சிற்றியில மெடிசின் படிச்சு 2021இல டொக்ரர் ஆனவ. படிக்கேக்கயே, 2018இல இருந்து எங்கட ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் எண்ட ஆம்பிளையளின்ர ஹொக்கி ரீமிலயும் வேலை, 2022இல அசிஸ்ரன்ற் ஜெனரல் மனேஜர். கொரோனா துவங்கின நேரம் ஒலிம்பிக் கொமிற்றியில விளையாட்டுக்காரரின்ர பிரதிநிதியா இருந்துகொண்டே, இந்த நிலமையில ஒலிம்பிக்கை நடத்திறம் எண்டு நிக்கிறது பொறுப்பில்லாத வேலை எண்டு பகிரங்கமாச் சொன்னவ. அப்ப அவ எமேர்ஜென்சியில பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த மாணவி.

இந்தக் கதையை நான் ஒரு பிறந்தநாள் வீட்டில சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில இருந்த அக்கா ஒராள் கடைசியில, "டொக்ரர் ஆயிட்டாவோ, அப்ப சரி" எண்டா. நல்ல மனசோடதான் சொன்னவ. எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. டொக்ரர் ஆகாட்டி அந்த 23 வருசமும் பிழையோ? எங்கட சனத்துக்கு விளையாட்டை விளங்கப்படுத்த நானும் அந்த டொக்ரர் பட்டத்தைத்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டிக்கிடக்கு, காட்டியும் இருக்கிறன், ஆனா என்ர மகள் டொக்ரர் ஆகவேணும் எண்டு நான் அவளை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போகேல்ல. ஐஸில இறங்கின உடன அவளின்ர முகம் மாறும், அது எனக்குக் காணும்.

இன்னொண்டு. பிளெமிங்டன் பார்க் பக்கம் எங்கட ஆக்கள் எத்தினையோ பேர் இருந்திருக்கினம், அங்க இருக்கிற ஐஸ் அரீனாவுக்கு ஆற்ற பேர் வைச்சிருக்கு எண்டு கேட்டா எத்தினை பேருக்குத் தெரியும்? அஞ்சலா ஜேம்ஸ். அந்த இடத்திலயே வளந்த கறுப்பினப் பொம்பிளை, 1990 உலக சம்பியன்சிப்பில அஞ்சு மச்சில 11 கோல் அடிச்சவ. 1998 ஒலிம்பிக் ரீமில அவவைச் சேக்கேல்ல. ஆனா 2010இல பேர்போன ஹொக்கிக்காரரைக் கௌரவிக்கிற ஹொக்கி ஹோல் ஒவ் பேமுக்குள்ள முதல்முதல் எடுத்த ரெண்டு பொம்பிளையளில அவ ஒராள். விக்கன்ஹைசருக்கு அது கிடைச்சது 2019இல.

இப்ப நிலமை மாறியிருக்கு, அதைத்தான் அந்தத் தாய்க்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன். 2024 தை முதலாம் திகதி பெண்களுக்கு எண்டு புது தொழில்முறை லீக் துவங்கினது, முதல் மச்சே எங்கட ரொறொன்ரோவில. ஆகக் குறைஞ்ச சம்பளமா வருசத்துக்கு 35,000 அமெரிக்க டொலர் வைச்சுத் துவங்கினவை. பெரிய காசில்லை, வாடகைக்கே காணாது, ஆனா முந்தி இதுவும் இல்லை. அந்த வருசம் சித்திரையில மொன்றியல் பெல் சென்ரரில ஒரு மச்சுக்கு 21,105 பேர் வந்தவை. முதல் சீசனில 24 மச்சில 20 கோல் அடிச்சு ஆகச் சிறந்த ஆட்டக்காரி ஆனது நற்றலி ஸ்பூனர், அவ பிறந்தது எங்கட ஸ்காபரோ. 2022 மார்கழியில பிள்ளை பெத்து, அடுத்த சித்திரையில உலக சம்பியன்சிப் விளையாடின தாய். ஸ்காபரோ எண்டா துவக்குச் சூடு நியூஸ் மட்டும்தான் வரவேணுமோ?

ஐயா, உங்கட பேப்பரில லீஃப்ஸ் தோத்தாலும் வெண்டாலும் முழுப்பக்கம் வருது, கிரிக்கெற் வருது, இங்கிலீஸ் பிரிமியர் லீக் வருது. கொக்கா கோலா கொலிசியத்தில விளையாடுற எங்கட ரொறொன்ரோப் பொம்பிளையளின்ர செப்ரர்ஸ் ரீமின்ர ஸ்கோர் ஒரு நாளும் நான் காணேல்ல. ரெண்டு இஞ்சி இடம் காணும். எங்கட தமிழ்ப் பிள்ளையள் விளையாடுற சின்ன லீக்குகளின்ர படமும் ஒண்டு ரெண்டு போடுங்கோ, ஹெல்மெற் போட்டிருந்தா முகம் தெரியாது எண்டு பாக்காதேங்கோ, பேரைப் போட்டா அப்பப்பா அம்மம்மா எல்லாரும் வெட்டி வைப்பினம்.

அந்தத் தாய்க்கும் ஒரு சொல்லு. தங்கச்சி, மகளை நிப்பாட்ட முதல் ஒருக்கா அவளிட்டக் கேளுங்கோ. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. பிள்ளைக்கு ஸ்கேற் வேணுமெண்டா என்ர மகளுக்குச் சின்னனாப்போன ரெண்டு சோடி பேஸ்மென்றில கிடக்கு, பேப்பர் ஒபிசுக்கு அறிவிச்சு விட்டா கொண்டுவந்து தாறன்.

எங்கட ரீமுக்கு அடுத்த மச் வாற ஞாயிறு பின்னேரம். ஸ்கோரை அண்டைக்கு இரவே உங்களுக்கு அனுப்பி வைக்கிறன்.

இப்படிக்கு,
ஒரு ஹொக்கி அம்மா,
ஸ்காபரோ