அன்றைக்கு என்னிடம் சாவி கேட்டு வந்தவர்களுக்கு

ஆயர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும், மணியடிக்கிற அண்ணனுக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பிகளுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும், பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் பாய்மார்களுக்கும்,

10 வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னை வெள்ளத்தின்போது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அப்போது தெரிந்தது, அடையாற்றங்கரை வீடுகளில் முழங்கால் அளவிருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, கரண்ட் இல்லை, போனில் யாரையும் பிடிக்க முடியவில்லை, எங்கள் சர்ச் ஹால் மட்டும் மேட்டில் இருக்கிறது, அதன் சாவி பொருளாளரான என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்பணம் கட்டாமல் திறக்கக் கூடாது, உள்ளே சமைக்கக் கூடாது, சபையார் அல்லாதவர்களுக்குக் கொடுப்பதென்றால் கமிட்டி ஒப்புதல் வேண்டும் என்று தீர்மானம் இருந்தது, அதை எழுதினவனே நான்தான். பத்தரை மணிக்கு நீங்கள் கதவைத் தட்டியபோது, "செயலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே ஐயா" என்றேன். ஆயர் ஐயா, நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பிள்ளைங்க மழையில நிக்குது தம்பி. டைல்ஸ் உடைஞ்சா என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்று கையை நீட்டினீர்கள். அந்தக் கைக்கு முதல் நன்றி.

நள்ளிரவுக்குள் ஹால் நிறைந்துவிட்டது. ஆலயத்தையே திறந்துவிட்டு, பெஞ்சுகளை இரண்டிரண்டாக முகம் பார்த்துச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளுக்குத் தொட்டில் மாதிரி ஆக்கின தம்பிகளே, உங்களுக்கு நன்றி. கிறிஸ்மஸுக்குப் புதிதாகத் தைத்து வைத்திருந்த பாடகர் குழு அங்கிகளை, நனைந்து நடுங்கின பெண்களுக்கு மாற்றுடையாக எடுத்துக் கொடுத்த அக்கா, பூட்டியிருந்த பீரோவை யாரிடமும் கேட்காமல் திறந்தீர்களே, அதற்கும் நன்றி. நெற்றியில் விபூதியோடு ஒரு பாட்டி, நான் உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்றுவிட்டார். ஆயரம்மா ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பலிபீடத்துப் படிக்குப் பக்கத்தில், ஈரமில்லாத கம்பளத்தில் படுக்க வைத்தார்.

விடிகாலையில் மார்பளவு தண்ணீரில் பெரிய அண்டாவைத் தலையில் வைத்து எலுமிச்சை சாதம் கொண்டுவந்த பாய்மார்களின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

டிசம்பர் 6 ஞாயிறு ஆராதனை வெளியே போர்டிகோவில்தான் நடந்தது, உள்ளே ஜனங்கள் படுத்திருந்தார்கள். ஐயா மாற்கு 2-ஆம் அதிகாரம் வாசித்தார். கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். பிரித்த கூரைக்கு யார் காசு கொடுத்தது என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. இயேசு அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்றுதான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் முடிவில் ஓய்வுநாளில் கதிர் கொய்த சீஷருக்காகப் பேசி, ஆசாரியர் மட்டுமே சாப்பிடலாம் என்றிருந்த தேவசமுகத்து அப்பங்களைப் பசியாயிருந்த தாவீது சாப்பிட்டதை நினைப்பூட்டுகிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான். ஆனால் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு கூர்மையாகப் பாயும் என்று அன்று தூணில் சாய்ந்து நின்றபோதுதான் தெரிந்தது. அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ரோமில் கி.பி. 258-ல் கொல்லப்பட்ட புனித லாரன்ஸும் சபைச் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்தான். சொத்தை ஒப்படைக்கச் சொன்னபோது ஏழைகளைத் திரட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார் என்று சொல்வார்கள். அதைப் பிற்பாடு படித்தபோது உங்கள் எல்லாருடைய முகமும்தான் நினைவுக்கு வந்தது.

சரி, கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் 14 விரிசல் விட்டிருந்தது, ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கரி. ஜனவரி கமிட்டியில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய நானே முன்மொழிந்தேன். சாவி அன்றிலிருந்து, வளாகத்திலேயே குடியிருக்கிற மணியடிக்கிற அண்ணனிடம் இருக்கிறது, ராத்திரி எத்தனை மணிக்குத் தட்டினாலும் எழுந்து வருவார். அங்கிகளில் பதினொன்று திரும்பி வரவில்லை. இதைப் படிக்கிற யாரிடமாவது ஒன்று இருந்தால், அது உங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள்.