கிளவுஸ் எனக்க கிட்டதான் இருக்கு மக்கா

மக்கா,

உனக்க அம்மை நேத்து போன்ல அழுதா. நீ கிளவுஸ எடுத்து பக்கத்து வீட்டு பயலுக்கு குடுத்துட்டியாம், இனிமே கோல்ல நிக்க மாட்டேன்னு சொல்லிட்டியாம். ரெண்டு வருஷமா காலேஜ் ஃபுட்பால் டீம்ல பெஞ்ச்லயே உக்கார வச்சா யாருக்குதான் கோவம் வராது. ஃபார்வர்டுன்னா கடைசி பத்து நிமிஷமாவது எறக்கி விடுவாங்க, கீப்பருக்கு அந்த வழியும் இல்ல, மொத கீப்பருக்கு அடிபடணும் இல்லேன்னா ரெட் கார்டு வாங்கணும்.

ஆனா இந்தியா டீமுக்கு கோல்ல நின்ன குர்பிரீத் சிங் சந்து கதைய நீ பாதிதான் கேட்டிருக்க. 2014ல கொல்கத்தா கிளப்பு ஈஸ்ட் பெங்கால விட்டுட்டு நார்வேல ஸ்டாபேக் கிளப்புக்கு போனாரு, வயசு 22, இங்கயே இருந்திருந்தா தொடர்ந்து ஆடிட்டு இருந்திருக்கலாம். அங்க போயி அவரு லீக் மேட்ச்ல மொத தடவ கோல்ல நின்னது எப்போ தெரியுமா, 2016 மே மாசம். ரெண்டு வருஷத்துக்கு கொஞ்சம்தான் கம்மி மக்கா! அந்த குளிர்ல பிராக்டிஸுக்கு போறது, சனி ஞாயிறு வந்தா வேற ஆளு நிக்கிறத பாக்கறது, திங்கக்கிழம மறுபடி கிளவுஸ மாட்டறது. எனக்கு அந்த ரெண்டு வருஷம்தான் அவரு ஆடின பெரிய ஆட்டம்னு தோணும். அந்த ஜூன்லயே ஐரோப்பா கிளப்புங்க மோதற யூரோப்பா லீக் தகுதிச்சுற்றுல எறங்குனாரு, அதுல ஆடின மொத இந்தியர் அவருதான். 2017ல பெங்களூரு கிளப்புக்கு வந்துட்டாரு.

2019 செப்டம்பர்ல தோஹாவுல இந்தியா ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கா? எதிர்ல ஆசிய சாம்பியன் கத்தார், வழக்கமான கேப்டன் சேத்ரி வேற இல்ல, அன்னைக்கு குர்பிரீத்துதான் கேப்டன், அடிக்க அடிக்க தடுத்துட்டே இருந்தாரு, 0-0. நீ எனக்க போன்ல மேட்ச பாத்துட்டு ஒவ்வொரு சேவுக்கும் தலையணைய புடிச்சுட்டு தரையில விழுந்த, முட்டி தேஞ்சு போச்சு. உனக்கு அப்போ பதிமூணு வயசு.

அந்த பயகிட்ட பேசி கிளவுஸ திரும்ப வாங்கிட்டேன், வேற ஒண்ணு வாங்கித் தாறேன்னு சொல்லிருக்கேன். வலது உள்ளங்கையில ரப்பர் பொளிஞ்ச எடத்த உனக்க அப்பா வல தைக்கிற நூலு வச்சு தச்சு குடுத்தாருல்ல, தையல் அப்படியே இருக்கு. அவரு கடலுக்கு போயி இருவது நாளாச்சு, கரைக்கு வந்ததும் மொதல்ல உன்னதான் கேப்பாரு.

நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் கடல் அரிக்காம இருக்க கல்லு போட்ட தூண்டில் வளைவு பக்கத்துல வா, கடல் அரிச்சது போக அங்கதான் கொஞ்சம் மணல் மிச்சம் கெடக்கு. நான் பந்து கொண்டு வாறேன்.

மாமன்