கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம், கண்ணம்மா

மயூர் விகார்,
தில்லி.

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மாவும் நானும் நலம். காரில் பிக்கப் குறைந்து இன்ஜின் விளக்கும் எரிகிறது என்றும், புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டதால் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும் நேற்று போனில் சொன்னாய். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே.

இன்ஜினிலிருந்து பின் பம்பர் வரை செல்லும் புகைக் குழாய்த்தொடர் இன்ஜினோடு சேர்த்தே கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. சிலிண்டரிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், சூடான புகை ஓர் அழுத்த அலையாக, எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்க்கும் மேனிஃபோல்டுக்குள் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அது எட்டியதும், அழுத்தம் குறைந்த ஓர் அலை அங்கிருந்து வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. அது சரியான கணத்தில் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையையும் வெளியே இழுத்துப் புதிய காற்றுக்கு இடம் செய்து தரும். ஆகவே குழாய் அகலமாக இருந்தால் பிக்கப் கூடும் என்று பலரும் நம்புவது முழு உண்மையன்று. அளவுக்கு மீறி அகன்றால் குறைந்த வேகத்தில் புகையின் ஓட்டம் தளர்ந்து, நகரச் சாலையில் இழுவை குறையவே செய்யும். கடைசியில் இருக்கும் சைலன்சர், அறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் ஒலி அலைகளை மோதவிட்டு ஓசையை அடக்குகிறது.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன. மூன்றும் ஒருசேர நடக்க, 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் நிலைக்க வேண்டும். அதைக் காப்பதற்கே முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. பின்னால் உள்ள சென்சார் கன்வெர்ட்டரைக் கண்காணிப்பதால், கன்வெர்ட்டரைக் கழற்றினால் இன்ஜின் விளக்கு அணையாது.

கன்வெர்ட்டர் தானாக அடைத்துக்கொள்வது அரிது. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ பழுதானால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அந்தப் பீங்கானையே உருக்கிவிடும். மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதாக ஒன்றை மாட்டினாலும் அதற்கும் இதே கதிதான்.

1995 ஏப்ரலில் தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. பெட்ரோலில் கலந்த ஈயம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அதோடு வந்தது. நவம்பர் மாதத்தில் ஜன்னலைத் திறக்க அஞ்சி இங்கே வாழும் எனக்கு, அந்தக் கருவியைக் கழற்றி எறிவது மனத்துக்கு ஒப்பவே இல்லை.

இந்தச் சனிக்கிழமை புனேயில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டு. ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டை எழுதி எனக்கு அனுப்பு. பிளக்கையும் காயிலையும் பார்க்கச் சொல். கன்வெர்ட்டருக்கு முன்னால் புகையின் அழுத்தத்தையும் அளக்கச் சொல். உண்மையிலேயே அடைத்திருந்து புதிது வாங்க வேண்டியிருந்தால், பணத்தைப் பற்றி யோசிக்காதே, நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா