தெருவுக்கு ஒரு பெயர்: மூத்த வகுப்பின் ஜனவரிப் பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, அவர் பெயரைச் சாலைக்குச் சூட்டுவது பற்றி மூத்த வகுப்பில் பாடம் நடக்கும். கிங்கின் வாழ்க்கையைப் பிள்ளைகள் வாரநாள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அவர் பெயரில் 900க்கும் மேற்பட்ட தெருக்கள் உள்ளன. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் நடந்த இழுபறியும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கான்சஸ் சிட்டியில் வளர்கிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

கறுப்பினப் போதகர்கள் முன்னின்று வலியுறுத்தியதால், 2019 ஜனவரியில் நகர மன்றம் 8க்கு 4 என்ற வாக்கில் பசேயோ சாலைக்குக் கிங்கின் பெயரைச் சூட்டியது. சாலையோரச் சொத்துக்காரர்களில் 75 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்ற விதியை அப்போது விலக்கி வைத்தார்கள். எங்களைக் கேட்கவே இல்லையே என்று அங்கே குடியிருந்த பலர் கொதித்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு. அந்த நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் பழைய பெயரே போதும் என்றார்கள். புதிய பலகைகள் கழற்றப்பட்டன. 2021இல் வேறு சாலைகளின் பகுதிகளுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. போதகர்கள் கேட்டது முழுக்க நியாயம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் வேலையைத் தாண்டிக் குதித்ததுதான் வினையாயிற்று.

அதனால் அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைத்தான் பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கப் போகிறார்கள். வீட்டருகே நான்கு பிளாக் நீளமுள்ள ஒரு தெருவை நீங்களும் பிள்ளையுமாக நடந்து, வீடு, கடை, தேவாலயம், காலி மனை எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 40 சொத்துகள் இருந்தால் 30 உரிமையாளர்களின் கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்து உரிமையாளர் கணக்கில் சேராது, உரிமையாளரோ வேறு ஊரில் இருப்பார். மூலை வீட்டின் முகவரி குறுக்குத் தெருவில் இருக்கலாம். அதைத் தனியாகக் குறியுங்கள். யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், எண்ணினால் போதும்.

ஒவ்வொரு கடைக்கும் பெயர் மாற்றத்தால் என்ன செலவு என்றும் யோசிக்கச் சொல்லுங்கள். கதவு எண் மாறாது. பழைய பெயரில் வரும் கடிதங்களையும் தபால்காரர் சில காலம் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் கடைப் பலகை, பில் புத்தகம், காசோலை, உரிமம் எல்லாம் மாற வேண்டும். இந்தச் சிரமத்தைத் தவிர்க்க, முகவரியைத் தொடாமல் கௌரவப் பெயர்ப் பலகை மட்டும் வைக்கும் வழக்கமும் உண்டு. சிகாகோவில் அவை பழுப்பு நிறத்தில் இருக்கும். அது எளிய வழிதான், ஆனால் அந்தப் பெயரை யாரும் முகவரியாக எழுத மாட்டார்கள். எது மேல் என்று வகுப்பில் விவாதிப்போம்.

பலகையையும் உண்மை அளவில் வரைவோம். நகரச் சாலைகளில் பொதுவாகப் பெயரின் பெரிய எழுத்து 6 அங்குலம், சிறிய எழுத்து 4.5 அங்குல உயரம். பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து. கிங்கின் முழுப் பெயரை இந்த அளவில் எழுதினால் கம்பம் தாங்காத நீளம் வரும். பல ஊர்களில் ‘எம்.எல். கிங்’ என்று சுருக்குவதன் காரணம் அப்போது பிள்ளைகளுக்கே புரியும். பச்சை சார்ட் தாள் 4, வெள்ளைத் தாள் 2, நீள அளவுகோல், கத்தரிக்கோல், பசை கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக வரைபட வேலை. சிகாகோ 1968இல் சவுத் பார்க் வே சாலைக்கு அவர் பெயரை வைத்தது. அது கறுப்பினக் குடியிருப்புகள் வழியாகச் செல்லும் சாலை. பல நகரங்களில் கடைத்தெரு வணிகர்கள் எதிர்த்ததும், கறுப்பினத்தவர் வாழும் பகுதியோடு அந்தப் பெயர் நிறுத்தப்பட்டது. சான் டியேகோவில் 1986இல் மார்க்கெட் தெருவுக்கு வைத்த பெயரை மறு ஆண்டே வாக்காளர்கள் நீக்கினார்கள். எல்லா மக்களையும் இணைக்கப் பாடுபட்டவரின் பெயர் ஊரின் ஒரு மூலையில் ஒதுக்கப்படுவது எனக்கு வேதனை தருகிறது. பெயர் எந்தக் குறுக்குச் சாலையில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

தெருவைப் பற்றிய குறிப்பை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா என்பதைப் பாடம் முடியும்வரை பிள்ளையிடம் சொல்லாதிருந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்