எந்த டாங்கியைக் கேட்பது, சேகர்?

திருநின்றவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் அப்பா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. அன்றைக்குப் போனில் நான் பேசியது ஒரு பேச்சே இல்லை. இடது கண்ணில் புரை எடுத்து நாலாம் நாள் அது. குனியக் கூடாது, தூசி படக் கூடாது, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதையும் மீறிக் கிளம்பியிருக்க வேண்டும் என்று இன்று வரை மனம் அடித்துக்கொள்கிறது. காரியத்துக்கும் வரவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் உன் பெயரை எழுதியதோடு பேனா நின்றுவிடும். இப்போது உன்னிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். போன மாதம் வலது கண்ணுக்கும் செய்தாகிவிட்டது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு கடுகில் பாதி அளவு துண்டைக்கூட இடுக்கியில் பிடித்து வைக்க முடிகிறது. பத்து வருடமாக இப்படித் தெரிந்ததில்லை.

விஷயம் இதுதான். தை மாதம் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூர் போவதென்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். சின்னவள் ஜப்பானிலிருந்து, நாகோயாவிலிருந்து வருகிறாள். "அப்பா, உனக்குப் பட்டு வேட்டி எல்லாம் அக்கா பார்த்துப்பா. நான் நீ ஒட்டற பிளாஸ்டிக் டாங்கி மாடல் வாங்கிட்டு வரேன். ரெண்டு பெட்டி. எதுன்னு மட்டும் சொல்லு" என்றாள். மூன்றாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். எடை பிரச்சினை இல்லையாம், இடம்தான் இல்லையாம். உனக்கே தெரியும், பெட்டி காற்று மாதிரி கனக்கும், சூட்கேஸில் பாதியை அடைக்கும். ஸ்ப்ரூக்களை, அதான் துண்டுகள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை, மட்டும் துணிக்கு நடுவே படுக்க வைத்து, பெட்டியை மடித்துக் கொண்டுவா, ஆனால் மூடியைக் கசக்கிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். டாமியா கம்பெனிப் பெட்டியின் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் அந்தப் படத்தை மடிப்பு விழாமல் பார்க்க வேண்டும் எனக்கு.

அவள் டோக்கியோ போகும்போதெல்லாம் ரயில் ஷிசுவோகா வழியாகத்தான் போகிறது. டாமியா இருக்கும் ஊர். போருக்குப் பிறகு மர அறுவை மில்லாகத் தொடங்கிய இடம். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் பேந்தர் டாங்கி செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்து அளவு வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அசலில் 35இல் ஒரு பங்கு வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க டாங்கிக்கு அதுவே அளவாகிவிட்டது. ஒரு பேட்டரியின் பருமன் முடிவு செய்த அளவில்தான் இத்தனை வருடமாக நாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்!

பசையும் பெயின்ட்டும் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். அந்த மெல்லிய பசை பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும், விமானத்தில் விட மாட்டார்கள். அதெல்லாம் நான் இங்கேயே பார்த்துக்கொள்வேன்.

ஆனால் எந்த இரண்டு என்பதில் மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

மாப்பிள்ளை டைகர் வாங்கலாம் என்கிறார், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி. கடையில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்களாம். டாமியாவின் டைகர் நன்றாகத்தான் இருக்கும். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஒரு தலைமுடி நுழையாது. அந்த டாங்கியின் அழகையும் நான் மறுக்கவில்லை. அசலில் செய்ததே 1,300 சொச்சம்தான், பெட்டியாக விற்றது எத்தனை லட்சமோ. ஆனால் போன தடவை வந்தபோது பேத்தி அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இது யாரோட டாங்கி தாத்தா? இவங்க நல்லவங்களா?" என்று கேட்டாள். ஏற்கெனவே நாலு ஜெர்மன் டாங்கி நிற்கிறது. நாலுக்கும் அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சிறுவனாக இருந்தபோது உலோகத்தை மட்டும் பார்த்தோம். இந்த வயதில், யார் அனுப்பி எந்த ஊருக்குள் அது போனது என்பதும் சேர்ந்தே கண்ணில் படுகிறது. பிறந்த நாளுக்குக் கேட்டு வாங்கும் டாங்கி அதுவாக இருக்கக் கூடாது. டைகர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பெட்டி சென்சூரியன், 1971 பாகிஸ்தான் போரில் நம் ராணுவம் ஓட்டிய பிரிட்டிஷ் டாங்கி. இதில் உனக்கு மறுப்பு இருக்காது. எட்டாம் வகுப்பில் நீ நோட்டு அட்டையில் ஃபமகுஸ்தா என்று எழுதி வைத்து, கணக்கு சாரிடம் அடி வாங்கியது நினைவிருக்கிறதா? 1971 டிசம்பர் 16. பசந்தர் போர். பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், வயது 21. டாங்கி தீப்பிடித்த பிறகும் பீரங்கி இன்னும் சுடுகிறது என்று சொல்லி இறங்க மறுத்தவர். ஃபமகுஸ்தா என்று சைப்ரஸில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர்தான் அவருடைய டாங்கிக்கு. எந்தத் துறைமுகம், எங்கே இருக்கிறது என்று நாம் அட்லஸில் தேடினோமே.

ஆனால் "சென்சூரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது, சேகர். அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. கடையில் நிற்கும் சென்சூரியன்களில் இஸ்ரேல்காரர்கள் மாற்றியமைத்தவையும் உண்டு. அவற்றுக்கு 105 மி.மீ. பீரங்கி. நம் ஆட்கள் 1971இல் ஓட்டியதில் இருந்தது 20 பவுண்டர் என்ற வேறு பீரங்கி. டாமியாவிடம் ஒன்று இருக்கிறது, எழுபதுகளில் போட்ட அச்சு. ஒட்டச் சுகமாக இருக்கும், ஆனால் அதன் குழல் வழவழவென்று நேராக ஓடும். நமக்கு நடுவில் தடித்த உருளை வைத்த குழல் வேண்டும், சுட்ட புகை டரட்டுக்குள், அந்தச் சுழலும் கூண்டுக்குள், திரும்பாமல் இழுப்பதற்கு இருக்குமே, அது. தைவானின் ஏ.எஃப்.வி. கிளப் கம்பெனி போட்ட பெட்டிகளில் ஆஸ்திரேலியர் வியட்நாமில் ஓட்டிய மார்க் 5/1 சென்சூரியன் இருக்கிறது. அதில் இந்தக் குழல் உண்டு. கொஞ்சம் வெட்டி ஒட்டினால் நம்முடையதாக்கிவிடலாம். சின்னவளுக்குப் பெயரை எழுதவில்லை. மூடியின் படத்தையே அனுப்பி, குழலின் நடுவில் வட்டம் போட்டு, "இந்த உருளை இருக்கிறதா பார், 105 என்று எங்கேயாவது எழுதியிருந்தால் எடுக்காதே" என்று எழுதினேன். பேங்க் லோன் ஃபாரம்கூட இவ்வளவு கவனமாக நிரப்பியதில்லையே அப்பா என்றாள்.

இரண்டாவது பெட்டிக்கு டி-34/85 என்று எழுதி வைத்திருந்தேன், இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கி. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் குவார்ட்டர்ஸ் திண்ணையில் அப்பா பனியனோடு உட்கார்ந்து வெல்டிங் பேராசிரியர் பேட்டன் கதை சொல்லுவாரே. கீவில் வெல்டிங் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பேராசிரியர், ஜெர்மன்காரன் வருகிறான் என்றதும் நிறுவனத்தையே உரால் மலைப் பக்கம், நீஷ்னி தாகில் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது. தூளுக்கு அடியில் ஆர்க் எரிய, மெஷினே நகர்ந்து நகர்ந்து டாங்கியின் உடம்பைத் தைத்தது. போர் முடிந்த பிறகு கீவில் ஒரு ரிவெட் இல்லாமல் முழுக்க வெல்டிங்கிலேயே பாலம் கட்டி அதற்கு அவர் பெயரையே வைத்தது. அந்தப் பாலத்தைப் பார்த்தவர் மாதிரியே சொல்லுவார். அகாடமி கம்பெனி டி-34ஐ அது செய்யப்பட்ட தொழிற்சாலை வாரியாகப் பெட்டி போட்டிருக்கிறது, 112 ஒன்று, 183 ஒன்று. நீஷ்னி தாகில் 183. அதைத்தான் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வெல்டிங் கோட்டைச் சரியாக எழுப்பி, முடித்ததும் உன் வீட்டில் அப்பா படத்துக்குக் கீழே வைக்கலாம் என்பது என் நினைப்பு.

போன வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. அப்பா டி-34ஐ ஒரு நாளும் தொட்டதில்லையே என்று தோன்றியது. அவர் கை பட்டது நம் ஆவடி ஃபேக்டரியில் செய்த விஜயந்தா டாங்கி. எழுபதுகள் முழுக்க அவர் பற்றவைத்தது அந்த உடம்பைத்தான். நம் ஜன்னல் கண்ணாடி அதிர ஓட்டிப் பார்த்ததும் அதைத்தான். நான் ஏறி இறங்கிய கடை எதிலும் 35 அளவில் விஜயந்தா பெட்டியைக் கண்டதில்லை. அதனால் அந்தப் பெயரை மனம் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறது.

எழுந்து விளக்கைப் போட்டேன். விஜயந்தாவின் உடம்பை யோசித்துப் பார். தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, சாய்த்து, பற்றவைத்தது. வார்ப்பு வளைவு என்றால் நம்மால் கையால் செய்ய முடியாது. தகடு என்றால் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டலாமே! அசலின் உடம்பு 7.92 மீட்டர் நீளம். 35ஆல் வகுத்தால் 22.6 செ.மீ. அகலம் 9 செ.மீ. பீரங்கியோடு சேர்த்து 28. மேசையில் ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதன் பீரங்கி என்ன? 105 மி.மீ. எல்7. எந்தக் குழலை எடுக்கவே எடுக்காதே என்று சின்னவளை மிரட்டினேனோ அதே குழல். அலுமினியத்தில் கடைந்து தனியாகவே விற்கிறார்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

மறுநாளே அவளுக்கு எழுதினேன். 105 குழல் ஒன்று. டாமியாவின் பிளாஸ்டிக் ஷீட், அரை மில்லியில் ஒரு கட்டு, ஒரு மில்லியில் ஒரு கட்டு. ஷீட் சூட்கேஸின் அடியில் படுத்துவிடும், பெட்டிக் கணக்கில் வராது. நேற்று வேண்டாம் என்றாயே, இன்று வேண்டும் என்கிறாயே என்று கேட்டாள். தாத்தாவுக்காக என்றேன். உன் அப்பாவை அவளும் தாத்தா என்றுதானே கூப்பிடுவாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சக்கரங்கள்தான் வேலை வாங்கும். பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு, ஆக 24. ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து சிலிக்கான் அச்செடுத்து ரெசின் ஊற்றினால் மீதி வந்துவிடும். வெல்டிங் கோட்டுக்கு இப்போதே கை பழகிக்கொண்டிருக்கிறேன். ஸ்ப்ரூ துண்டை மெழுகுவர்த்தி மேல் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்தால் நூல் மாதிரி நீளும். அதைத் தகடு சேரும் மூலையில் படுக்க வைத்து மேலே பசை தடவி, இரண்டு நிமிடம் விட்டால் களி மாதிரி ஆகும். அப்போது கத்தி முனையால் நெருக்கி நெருக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். நேற்று ஒரு விரல் நீளம் போட்டேன். தூரத்தில் நன்றாக இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் எல்லாத் தழும்பும் ஒரே மாதிரி, மெஷின் போட்டது போல. அப்பா கையால் போட்ட கோடு எப்படி இருக்கும்? அலை எந்தப் பக்கம் பார்த்து வளையும்? முன் தகடு சேரும் இடத்தில் ஒரே ஓட்டமா, இரண்டு மூன்று அடுக்கா? நீ அதே ஃபேக்டரியில் டி-72 லைனில் ஒன்பது வருடம் நின்றவன். கிட்டப் போய்ப் பார்த்திருப்பாய். எனக்கு வரைந்து அனுப்பு.

டி-72 என்றதும் நினைவு வருகிறது. அதை ஏன் எழுதவில்லை என்று நீ சண்டைக்கு வருவாய். டாமியாவின் டி-72எம்1 நல்ல பெட்டி, நம் ராணுவத்தின் அஜேயா டாங்கிக்கு மூலமும் அதுதான். அதனால் இரண்டாவது பெட்டியை இப்போது காலியாக விட்டிருக்கிறேன், 183ஆம் எண் டி-34ஆ, உன் டி-72ஆ என்று. நீ சொல்வதுதான். அடுத்த ஞாயிறுக்குள் சொல், அவள் அதற்குள் ஆர்டர் போட வேண்டுமாம். நெட்டையனைக் கேட்காதே, அவன் டைகர் என்பான்.

திருக்கடையூர் முடிந்து இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. அம்மாவையும் கூட்டி வா. மாடி அறையில் மேசை பெரிது, இரண்டு பேர் எதிரெதிரே உட்காரலாம். மாசியில் முடிந்தால் அகமதுநகர் போய் வருவோம். அங்கே கவச வாகன அருங்காட்சியகத்தில் விஜயந்தா நிற்கிறது, டேப்பை எடுத்துக்கொண்டு போகலாம். ஃபமகுஸ்தாவும் அதே ஊரில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் மாமா கொடுத்த அந்த உள்ளங்கை அளவு ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஷெர்மன் டாங்கியை நாம் ஒட்டி முடித்து அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம் இல்லையா, 1978இல். டரட் சுற்றாது, பச்சை கேட் பெயின்ட் திட்டுத் திட்டாக இருக்கும். அவர் அதையெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. குழலை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அச்சின் கோடு ஒன்று நீளமாக ஓடியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரைவட்ட அரத்தை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கோட்டைச் சீவி எடுத்தார். "உடம்புல தையல் இருக்கலாம்டா, பீரங்கில இருக்கக் கூடாது" என்றார். அந்த அரம் உன்னிடம் இருந்தால் வரும்போது கொண்டுவா. அலுமினியக் குழலுக்குத் தேவைப்படாது. சென்சூரியன் குழலுக்கு வேண்டும்.

அன்புடன்,
குமார்