யாருடைய கதை என்று முதலில் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில், முன்பள்ளிகளில் அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் கலையை அறிமுகப்படுத்துவது பற்றி வெளியான கட்டுரையையும், சிறுவர் பகுதியில் தந்திருந்த பூமராங் என்ற பூர்வகுடி வளைதடியின் வெட்டி ஒட்டும் படத்தையும் பார்த்தேன். நம்மவர் நடத்தும் இதழ் ஒன்று இந்தப் பொருளை எடுத்துப் பேசியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், பஞ்சுக் குச்சியை வர்ணத்தில் தோய்த்து அட்டைப் பூமராங்கின்மேல் புள்ளி வைத்தால் பிள்ளைகள் பூர்வகுடி ஓவியத்தைக் கற்றுக்கொள்வார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, மேற்குச் சிட்னியில் 14 ஆண்டுகளாக மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பூர்வகுடி மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் போற்றும் யூலை மாதத்து நைடொக் வாரத்துக்காக இணையத்தில் கிடைத்த ஒரு முகப் படத்தை அச்சிட்டு, வர்ணம் தீட்டும்படி பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெரிய கண்கள், தலையைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற கோடுகள். வாய் மட்டும் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் என்று நினைத்த பிள்ளைகள் சிவப்புப் பென்சிலால் சிரிக்கும் வாய்களைப் போட்டார்கள். நானும் பாராட்டிச் சுவரில் ஒட்டினேன். மாலையில் பேரனை அழைத்துப் போக வந்த அம்மம்மா ஒருவர் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். அவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியைச் சேர்ந்த விராஜுரி இனத்தவர். அந்த உருவம் வாஞ்சினா என்றும், நாட்டின் வடமேற்கில் கிம்பர்லிப் பகுதியின் வொரோரா, ஙாரின்யின், வுனம்பல் மக்கள் மழையோடும் படைப்போடும் சேர்த்துப் போற்றும் வடிவம் அது என்றும், அதைத் தீட்டும் உரிமை அவர்களுக்கே உண்டு என்றும் தணிந்த குரலில் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டபோது, தனக்கும் அதில் உரிமை இல்லை, ஆகவே பரவாயில்லை என்று சொல்லவும் தன்னால் முடியாது என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

ஐரோப்பியர் வருமுன் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய கண்டம் இது. அதில் வாழ்ந்தோரையும் வாழ்வோரையும் ஒரே மக்களாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. பல்கலாசார நாளன்று நம் பிள்ளையை ஹிந்திப் படப் பாட்டுக்கு ஆடச் சொன்னால் நமக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது! பாலைநிலத்துப் புள்ளி ஓவியம் சிட்னியின் மரபன்று. நாட்டின் வடக்கே ஆர்னம் லாண்ட் பகுதியில் மரப்பட்டையின்மேல் காவிமண் கொண்டு நுண்ணிய குறுக்குக் கோடுகளால் தீட்டுகிறார்கள். தென்கிழக்கில் போசம் என்ற விலங்கின் தோலாடைகளிலும் மரங்களிலும் கோடுகளையும் சாய்சதுரங்களையும் செதுக்கினார்கள். ஊரிலுள்ள தண்ணீரையெல்லாம் குடித்துவிட்ட தவளையின் கதையும் அப்படித்தான். அது விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியில் வாழும் குனைகுர்னை மக்களுடையது என்ற ஒரு வரி கூட இல்லாமல், "பூர்வகுடிக் கதை" என்று எத்தனையோ முன்பள்ளிகளில் சொல்லப்படுகிறது.

புள்ளிகளைப் பற்றிக் கட்டுரையாளர் "நம் கோலத்தைப் போன்றதே" என்று எழுதியிருக்கிறார். கண்ணுக்கு அப்படித் தெரியலாம், வரலாறு அப்படியன்று. 1971இல் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள பப்புன்யாவுக்குக் கலை ஆசிரியராகச் சென்ற ஜெஃப்ரி பார்டன், அவ்வூர் மக்கள் கதை சொல்லும்போது மணலில் வரையும் உருவங்களைக் கவனித்தார். பள்ளிச் சுவரில் எதைத் தீட்டலாம் என்பதை மூத்தோரே தீர்மானித்தார்கள். அந்த இடத்துக்குரிய தேன் எறும்பின் கதை சுவரில் ஏறியது. மறு ஆண்டே ஓவியர்கள் பப்புன்யா டூலா என்ற தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆனால் தொடக்ககாலப் பலகை ஓவியங்கள் சிலவற்றில், சடங்கு முடித்தவர்கள் மட்டுமே பார்க்கத்தக்க உருவங்கள் இருந்ததால் பிற பாலைநிலச் சமூகங்களில் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகே அத்தகையவற்றை விலக்கியும், புள்ளிகளால் மூடியும் வரையும் வழக்கம் பெருகியது. வாசலில் எல்லோரும் பார்க்கவும் அடுத்த வீட்டுப் பெண் பார்த்துப் போடவும் இடுவது கோலம். இந்தப் புள்ளிகளில் ஒரு பகுதியோ மறைப்பதற்காகவே இடப்பட்டவை. இரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளைக்குச் சொல்வது பிழையான பாடம். அந்தப் பள்ளிச் சுவரோவியத்தின்மேல் சில ஆண்டுகளில் வெள்ளை பூசிவிட்டார்கள் என்பதையும் ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிந்திருப்பது நல்லது.

கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் முன்பள்ளியில் பிறந்ததன்று. 1966இல் இந்நாட்டில் டொலர் அறிமுகமானபோது, ஒரு டொலர்த் தாளில் பூர்வகுடி ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியம் அவருக்குத் தெரியாமலே அச்சாகியது. பின்னர் அவருக்கு ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். 1994இல், பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை வியட்நாமில் கம்பளங்களாக நெய்வித்து இறக்குமதி செய்தவர்கள் நட்டஈடு தரவேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பூர்வகுடியினர் கைபடாத போலிகளுக்கே போகிறது என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2022இல் கூறியது. நமக்கு இது விளங்காத விடயமா? 2011இல் இதே அவுஸ்திரேலியாவின் ஆடை அலங்கார விழாவொன்றில் லட்சுமி உருவம் பொறித்த நீச்சலுடை வந்தபோது, அவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் சமாதானம் அடைந்தோம்?

இனி, நான் மிக முக்கியம் என்று கருதுவது. தங்கள் வாசகர்களில் பலர் மேற்குச் சிட்னியின் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பாரமட்டா, பிளாக்டவுன் பகுதிகளில் வாழ்பவர்கள். இது தாருக் மக்களின் நிலம். பாரமட்டா என்ற பெயரே 'விலாங்குகளின் இடம்' என்ற பொருள் கொண்ட பரமட்டாவிலிருந்து வந்தது. 1814இல் ஆளுநர் மக்குவாரி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை இங்குதான் நிறுவினார். சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் தம் விருப்பப்படி திரும்ப அழைத்துக்கொள்ள முடியாதென்பது அதன் விதிகளில் ஒன்று. 1823இல் அது இடம் மாறிய பகுதியே பின்னர் பிளாக்டவுன் என்று பெயர் பெற்றது. 1819இல் ஐரோப்பியப் பிள்ளைகளும் பங்குகொண்ட தேர்வில் முதற்பரிசு பெற்றவள் அப்பள்ளியின் மாணவி. அவள் தாருக் சிறுமி மரியா என்பதே வரலாற்றாசிரியர்கள் சொல்வது. கற்ற எழுத்தைக்கொண்டு அவர் 1831இல் ஆளுநருக்கு மனு எழுதி, தமக்கு உரிய நிலத்தைக் கேட்டார். அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரி 13 அன்றுதான். பூர்வகுடித் தாய் ஒருவர் முன்பள்ளி வாசலில் பெயர் பதிய வரும்போது சற்றுத் தயங்கி நிற்பதன் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது. அவரை வரவேற்பதற்கு என்று நாம் சுவரில் ஒட்டும் அட்டைப் பூமராங், அந்தத் தயக்கத்தைக் கூட்டவும் செய்யும்.

முன்பள்ளிகள் பின்பற்றும் தேசியக் கற்றல் சட்டகத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், பூர்வகுடி மற்றும் டொரஸ் நீரிணைத் தீவு மக்களின் பார்வைகளைத் தனியொரு கொள்கையாகவே ஆக்கியிருக்கிறது. அதனால் பல நிலையங்களில் ஏதாவது செய்து படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் தொற்றிக்கொண்டிருக்கிறது. "சின்னப் பிள்ளைகளுக்கு உரிமை, அனுமதி எல்லாம் புரியுமா?" என்று சக ஆசிரியைகள் கேட்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரிவதுபோல் வேறு யாருக்கும் அது புரியாது. "என்னுடையது" என்ற சொல்லும், "கேட்டுவிட்டு எடு" என்ற சொல்லும் எங்கள் அறையில் ஒரு நாளில் நூறு முறை கேட்கின்றன. "இந்தக் கதை குனைகுர்னை மக்களுடையது, அவர்களில் ஒருவர் எழுதிய புத்தகத்திலிருந்து உங்களுக்கு வாசிக்கிறேன்" என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு அமர்கிறார்கள்.

இப்போது நாங்கள் தொடங்குவது எங்கள் காலடி மண்ணிலிருந்து. காலையில் தாருக் நிலத்துக்கு நன்றி சொல்லி, 'வரமி' என்று வணங்குகிறோம். வொம்பாட், வாலபி, டிங்கோ என்ற விலங்குப் பெயர்களும் வரட்டா என்ற பூவின் பெயரும் சிட்னியின் பூர்வகுடி மொழிச் சொற்கள் என்பதை அறிந்த நாளில், தாங்கள் ஏற்கெனவே அந்த மொழியைப் பேசிக்கொண்டிருப்பதாகப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெருமை அடித்திருக்கிறார்கள். பாரமட்டா ஆற்று விலாங்குகள் முட்டையிடப் பவளக் கடல் வரை நீந்திப் போவதைச் சொன்னேன், கரித்துண்டு கொடுத்தேன், அவரவர் கைக்கு வந்த விலாங்கை அவரவர் வரைந்தார்கள். எவருடைய பாணியையும் நாங்கள் எடுக்கவில்லை. தாருக் மூத்தவர் ஒருவர் ஆண்டில் நான்கு முறை வருகிறார். எதைச் சொல்லலாம், எதைப் பதிவு செய்யக்கூடாது என்பதை அவரே முடிவு செய்கிறார். அவருக்குரிய கட்டணத்தை நிலையம் கொடுக்கிறது. இதைச் சொல்லக் காரணம், ஆண்டிறுதி விழாவில் முகத்தில் பூ வரைபவருக்குத் தயங்காமல் பணம் தருகிற நிலையங்கள், மூத்தவரை மட்டும் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் அழைப்பதை நான் கண்டிருக்கிறேன். அவரை நாங்கள் 'ஆண்ட்டி' என்று அழைக்கிறோம். நம் வீடுகளில் அது வருவோர் போவோர் எல்லோருக்கும் பொருந்தும் சொல். அங்கே அது அவருடைய சமூகம் அவருக்குத் தந்த மரியாதை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அந்தப் பூமராங் படத்தின் வடிவங்கள் எந்த மக்களுடையவை, யார் வரைந்தவை என்பதை அடுத்த இதழில் தெரிவியுங்கள். அது தெரியாவிட்டால் இணையப் பதிப்பிலிருந்தாவது அதை எடுத்துவிடுங்கள். இந்தப் பொருளில் மீண்டும் எழுதுவதானால், தாருக் மக்களில் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தமிழாக்கம் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
டூங்காபி, நியூ சவுத் வேல்ஸ்