பெட்டியை ஒட்டும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்

பொம்மை நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கும், மலேசியாவில் அதை விற்கும் முகவருக்கும்,

வணக்கம். என் மகன் வாங்கிய உங்கள் பொம்மையின் கை ஒடிந்தது பற்றிய புகார் எண், படங்கள், பெட்டி பிரித்த காணொளி எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பினாங்கு, ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 17 வருடமாகக் கியூசி (தரச் சோதனை) வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் தட்டில் போடுவதுதான் என் பிழைப்பு. பொம்மைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகனுக்குத்தான் தெரியும். படிவம் நான்கு படிக்கிறான். இரண்டு தீபாவளிக்குக் கிடைத்த பண உறைகளைப் பிரிக்காமல் சேர்த்து, 420 வெள்ளிக்கு (ரிங்கிட்), கை கால்களைத் திருப்பி நிறுத்தக்கூடிய உங்கள் வாள்வீரன் ஆக்‌ஷன் ஃபிகரை முன்பதிவு செய்தான். பதினொரு மாதம் காத்திருந்தான். வருவதற்கு ஒரு வாரம் முன்பே அலமாரியில் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தான்.

வந்த அன்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் பெட்டியைத் தொட்டான். உங்கள் பெட்டியின் முகப்பில் வாளைத் தலைக்கு மேல் தூக்கிய படம் போட்டிருக்கிறீர்கள். அதே மாதிரி நிறுத்த வலது கையைத் தூக்கினான். தோள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினான். டக்கென்று ஒரு சத்தம். கை அவன் விரலில் இருந்தது, கையைத் தோளில் பொருத்தும் முளை ஒடிந்து தோளுக்குள் மாட்டிக்கொண்டது.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்து, “மா, நான் ரொம்ப முறுக்கிட்டேனா?” என்று கேட்டான். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் கேட்டான். மறுநாள் பள்ளிக்குப் போகும் முன்பு, “சாரி மா, காசு வீணாப் போச்சு” என்றான். அது அவன் காசு. அதற்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

அவன் போன பிறகு ஒடிந்த கையை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூட்டுக்குள் பெயின்ட் வழிந்து காய்ந்து, பசை போல முளையைப் பிடித்திருந்தது. ஒடிந்த இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும்போது அழுத்தம் போதாவிட்டால் உள்ளே இப்படிக் குழி விழும். நடுவில் பொள்ளல், வெளியே பெயின்ட் பிடிப்பு. அந்தக் கையை யார் திருப்பியிருந்தாலும் ஒடிந்திருக்கும். இதைப் படம் எடுத்து அனுப்பினேன். “பயன்படுத்தியவர் கையாண்டதால் ஏற்பட்ட சேதம்” என்று பதில் போட்டீர்கள். அந்த வரியை என் மகனும் படித்தான்.

தொழிற்சாலையில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். 1,000 பொருள் உள்ள ஒரு லாட்டில் (தொகுதியில்), வழக்கமான அட்டவணைப்படி 80 எடுத்துச் சோதிப்போம். ஏ.கியூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்று வைத்தால் 5 குறை வரை லாட் தேறும், ஆறாவது வந்தால் மொத்தமும் திரும்பும். சில குறைகள் தப்பித்து வெளியே போகத்தான் செய்யும். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தப்பிப் போன பொருள் திரும்பி வந்தால், எங்கள் கண்ணுக்குத் தப்பியது என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம், வாடிக்கையாளரின் கையைக் காட்ட மாட்டோம். நீங்கள் என் பிள்ளையின் கையைக் காட்டினீர்கள்.

நான் கேட்பது இதுதான்: பெட்டியை ஒட்டும் முன் மூட்டுகளை ஒரு தடவை யாராவது திருப்பிப் பார்க்கட்டும். தப்பிப் போனால் மாற்றிக் கொடுங்கள்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கண் நேராகப் பார்க்கிறது, மற்றது மூக்குப் பக்கம் இறங்கியிருக்கிறது. கண்ணைச் சிலிகோன் திண்டால் ஒற்றி அச்சிடுகிறீர்கள். தலை தாங்கியில் சரியாக உட்காராவிட்டால் அரை மில்லிமீட்டர் விலகும், முகமே மாறிவிடும். நம் ஸ்தபதிகள் சிலையில் கண் திறப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். பொம்மையைச் சாமியோடு ஒப்பிடவில்லை. ஆனால் எந்த உருவத்திலும் பார்ப்பவர் முதலில் தேடுவது கண்ணைத்தான். இதற்கும் “சிறு வேறுபாடுகள் இயல்பு” என்றுதான் பதில். வருடா வருடம் விலை ஏறுகிறது, பெட்டியின் அட்டை தடிக்கிறது, உள்ளே இருக்கும் முளை மட்டும் மெலிகிறது என்று மகனின் நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளிலும் கால் சாய்ந்தது, இடுப்பு தளர்ந்தது என்று நிற்கின்றன. பிள்ளைகள் வெந்நீரில் முக்கி மூட்டை இளக்கவும், சூப்பர் குளூ வைக்கவும் பழகிவிட்டார்கள். உங்கள் வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று முகவர் ரசீதில் அச்சடித்திருக்கிறார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பொருள் தோற்றத்திலும் மெருகிலும் ஏற்கத்தக்கதாக, சிறு குறையும் இல்லாததாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. ரசீதில் ஒரு வரி போட்டு அந்தச் சட்டத்திலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளி போதும், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊர்க்காரி நான், எனக்கு வழி தெரியும். இருந்தாலும் அங்கே போக எனக்கு விருப்பமில்லை. ஷிப்டு முடிந்து வந்து சமைக்கவே நேரம் போதவில்லை. கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தயவுசெய்து கேட்கிறேன். பெட்டியை ஒட்டும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு முழுப் பொம்மை வேண்டாம், ஒரு வலது கையும் ஒரு தலையும் அனுப்பினால் போதும். கோலாலம்பூருக்குத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

அனுப்பும்போது ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள். என் பெயருக்கு வேண்டாம், மகன் பெயருக்கு. கை உடைந்தது உன்னால் இல்லை என்று. நான் சொன்னால் அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தாய், ஜெலுத்தோங்